கோழி இறக்கையும் ஒரு பழைய சண்டையும்

அடுத்த முறை பிரியாணியில் கோழி இறக்கை வந்தால், சாப்பிட்டு முடித்ததும் எலும்புகளை ஓரமாகத் தள்ளிவிடாமல் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். உடம்போடு ஒட்டியிருந்த பக்கம் ஒரே ஒரு தடித்த எலும்பு. அடுத்தது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எலும்புகள். அப்புறம் குட்டிக் குட்டியாகச் சில. கடைசியில் விரல் மாதிரி கூராக முடியும். இப்போது உங்கள் கையைத் தடவிப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு, மணிக்கட்டில் குட்டி எலும்புகள், அப்புறம் விரல்கள்.

தற்செயல் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஏனென்றால் வௌவாலின் இறக்கையிலும் இதே வரிசைதான். அங்கே விரல்கள் மட்டும் குடைக்கம்பி மாதிரி நீண்டு தோலைத் தாங்கிக்கொண்டிருக்கும். திமிங்கலத்தின் துடுப்பு வெளியே பார்க்க மீனின் துடுப்பு போலத்தான் இருக்கும். உள்ளே அறுத்துப் பார்த்தால் ஒன்று, இரண்டு, குட்டி எலும்புகள், விரல்கள்! குதிரை ஒரே ஒரு விரலின் நுனியில் நின்று ஓடுகிறது. அகழெலி அதே கையை மண்வெட்டியாக வைத்துக்கொண்டு தோண்டுகிறது. பறப்பது, நீந்துவது, ஓடுவது, தோண்டுவது, பேனா பிடிப்பது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து வேலைகள். எலும்புகளின் வரிசை மட்டும் மாறவில்லை.

பள்ளிக்கூடத்தில் இதை எல்லோரும் படித்திருப்போம். 'அமைப்பு ஒத்த உறுப்புகள்', 'செயல் ஒத்த உறுப்புகள்', வேறுபடுத்துக, இரண்டு மதிப்பெண். உள்ளே ஒரே அமைப்பு, வெளியே வேறு வேறு வேலை என்றால் முதல் வகை. வேலை ஒன்று, அமைப்பு வேறு என்றால் இரண்டாம் வகை. பட்டாம்பூச்சியின் சிறகும் பறவையின் சிறகும் போல. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஆனால் அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஏறக்குறைய முந்நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் உடைந்துபோன நட்பு உண்டு, எரிமலை உண்டு, தான் கண்டுபிடித்த உண்மையின் அர்த்தத்தைக் கடைசி வரை பிறர் சொன்னபடி ஏற்றுக்கொள்ளாத ஒரு மேதையும் உண்டு.

*

முதலில் இதைப் படமாகவே போட்டுக் காட்டியவர் பியேர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர். 1555-இல் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு மனித எலும்புக்கூடும் ஒரு பறவை எலும்புக்கூடும் நின்றுகொண்டிருக்கும். மனிதனின் மேற்கை எலும்புக்கு என்ன எழுத்து போட்டாரோ அதே எழுத்துதான் பறவையின் இறக்கை எலும்புக்கும். இவ்வளவுதான் அவர் செய்தது. ஏன் இப்படி என்று அவர் கேட்கவில்லை. 1564-இல் பாரிஸுக்கு வெளியே ஒரு காட்டில் யாரோ அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அதற்கப்புறம் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தாண்டி ஒரு கவிஞர் வருகிறார். ஜெர்மன் மொழியின் மகாகவி என்று கொண்டாடப்படும் கோத்தேதான் அவர். எலும்பு ஆராய்ச்சி செய்தார் என்றால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. விலங்குகளின் மேல்தாடையில் முன்பற்களைத் தாங்கும் ஒரு தனி எலும்பு உண்டு, குரங்குக்கும் உண்டு. மனிதனுக்கு மட்டும் இல்லை என்று பெரிய பெரிய உடற்கூறு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனிதன் விலங்கு இல்லை என்பதற்கு அது ஒரு அத்தாட்சி! 1784-இல் யேனா நகரில் மண்டையோடுகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கோத்தே, மனிதனிலும் அது இருக்கிறது, பக்கத்து எலும்போடு சீக்கிரமே ஒட்டிப்போவதால்தான் தெரிவதில்லை என்று கண்டுகொண்டார். நண்பர் ஹெர்டருக்கு சந்தோஷம் தாங்காமல் கடிதம் எழுதினார். பாரிஸில் விக் தசீர் என்ற மருத்துவர் இதையே தனியாகக் கண்டுபிடித்திருந்தார் என்பது கோத்தேவுக்குத் தெரியாது. நிபுணர்கள் கவிஞரின் பேச்சை ஏற்கவில்லை. அந்தக் கட்டுரை அச்சில் வர 1820 ஆயிற்று.

மனிதனுக்கென்று ஒரு தனி உறுப்பு இருந்தே தீர வேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அது இன்னொரு முறை வரும்.

*

கதை சூடு பிடிப்பது பாரிஸில்தான்.

1793. பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருக்கிறது. புதிதாக அமைத்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எத்தியேன் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் என்ற இளைஞருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கிறது. வயது 21. (நம் ஊரில் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருப்பார்கள் :-) ) நல்ல துணிச்சல்காரர். முந்தைய வருடம்தான் சிறையிலிருந்த தன் ஆசிரியர்களான பாதிரிமார்களை உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியிருந்தார். நார்மண்டியில் ஒரு பிரபுவின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜார்ஜ் குவியே என்ற இளைஞரின் குறிப்புகளைப் பார்த்து அசந்துபோய், அவரைப் பாரிஸுக்கு அழைத்தவர்களில் முக்கியமானவர் ஜெஃப்ராய். 1795-இல் குவியே வந்தார். இருவரும் சேர்ந்தே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள்.

பிறகு பாதைகள் பிரிந்தன. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குப் போனபோது ஜெஃப்ராயும் கூடப் போனார். குவியே போகவில்லை, பாரிஸிலேயே இருந்து மேலே மேலே ஏறினார். எகிப்தில் பிரெஞ்சுப் படை தோற்று, சேகரித்ததையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி ஆங்கிலேயர்கள் கேட்டபோது, கொடுப்பதைவிடக் கொளுத்திவிடுவோம் என்று ஜெஃப்ராய் மிரட்டி விலங்கு சேகரிப்புகளை மீட்டார். (புகழ்பெற்ற ரொசெட்டா கல் லண்டனுக்குப் போய்விட்டது.) திரும்பி வந்தபோது குவியே விஞ்ஞான உலகின் பெரிய புள்ளி. 1803-இல் விஞ்ஞான அகாதமியின் நிரந்தரச் செயலாளரும் ஆகிவிட்டார்.

இருவரும் ஒரே எலும்பைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார்கள். 'இது என்ன வேலை செய்கிறது?' என்பது குவியேயின் கேள்வி. அவரைப் பொறுத்தவரை விலங்கு என்பது கச்சிதமாகப் பொருந்திய இயந்திரம். மாமிசம் தின்னும் பல்லுக்கு ஏற்ற தாடை, தாடைக்கு ஏற்ற தசை, அதற்கேற்ற நகம், குடல் எல்லாம் கூடவே வரும். வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு விலங்குகளில் ஒரே உறுப்பு இருந்தால் இரண்டுக்கும் ஒரே தேவை இருந்தது, அவ்வளவுதான். 1812-இல் அவர் விலங்குலகத்தையே முதுகெலும்பிகள், மெல்லுடலிகள், கணுக்கொண்டவை, ஆரச்சமச்சீர் உள்ளவை என்று நான்கு அறைகளாகப் பிரித்துவிட்டார். ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு வாசல் கிடையாது.

ஜெஃப்ராய் கேட்டது வேறு. 'இதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?' ஓர் எலும்பு பெருக்கலாம், சிறுக்கலாம், வேலை மாறலாம், காணாமலே போகலாம். ஆனால் தன் இடத்தை விட்டு வேறோர் இடத்துக்குத் தாவாது என்பது அவர் விதி. எனவே ஓர் எலும்பை அடையாளம் காண அதன் வடிவத்தையோ வேலையையோ பார்க்காதே, அக்கம்பக்கத்தைப் பார் என்றார். எல்லா விலங்குகளும் ஒரே திட்டத்தின் வெவ்வேறு வடிவங்கள் என்பது அவர் நம்பிக்கை. 1818-இல் வந்த தன் புத்தகத்தில் மீனின் செவுள் மூடியில் உள்ள எலும்புகளும் நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளும் ஒன்றே என்று எழுதினார். பலருக்கும் அது வேடிக்கையாகப் பட்டது. 1822-இல் இன்னும் ஒரு படி மேலே போய், சிங்கி இறாலை அறுத்து மல்லாக்கப் போட்டார். நமக்கு நரம்புத் தண்டு முதுகுப் பக்கம், குடல் வயிற்றுப் பக்கம். இறாலுக்கு நேர்மாறு. திருப்பிப் போட்டால் எல்லாம் நம்மைப் போலவே அடுக்காக இருக்கிறதே, அப்படியானால் இறால் என்பது தலைகீழாக நடக்கும் நம் சொந்தக்காரன்தான் என்று வாதிட்டார். நண்பர் கொஞ்சம் எல்லை மீறிப் போகிறார் என்று குவியே நினைத்திருந்தால் தப்பில்லை.

வெடித்தது 1830 பிப்ரவரி 15, திங்கட்கிழமை. லோரன்சே, மெய்ரான் என்று பெயர் தெரியாத இரண்டு இளைஞர்கள் கணவாய் மீனைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்திருந்தார்கள். முதுகெலும்புள்ள ஒரு விலங்கைப் பின்பக்கமாக மடித்து, பிட்டமும் பிடரியும் தொடுகிற மாதிரி வைத்தால் கணவாயின் உள்ளுறுப்புகள் இருக்கும் வரிசை கிடைக்கும் என்பது அவர்கள் சொன்னது. ஜெஃப்ராய்க்குக் கொண்டாட்டம். குவியேயின் இரண்டு அறைகளுக்கு நடுவே சுவரை உடைக்க ஆள் கிடைத்துவிட்டது! அகாதமியில் அதைப் பாராட்டி அறிக்கை படித்தார். மெல்லுடலிகளின் உடற்கூறு குவியேயின் சொந்த வயல். அடுத்த திங்கட்கிழமையே அவர் வண்ணப் படங்களோடு வந்தார். இதோ கணவாய், இதோ மடித்த விலங்கு, எந்த உறுப்பு எங்கே பொருந்துகிறது காட்டுங்கள் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டார். கூடவே ஒரு கத்தியையும் செருகினார். ஒரே திட்டம் என்றால் எல்லாம் அச்சாக ஒன்று என்று அர்த்தமா? அப்படியானால் அது பொய். கொஞ்சம் ஒற்றுமை இருக்கிறது என்றுதான் அர்த்தமா? அப்படியானால் அது அரிஸ்டாட்டில் காலத்துப் பழசு, இதில் உங்கள் புதுமை என்ன?

ஏப்ரல் வரை மாற்றி மாற்றி வாதம் நடந்தது. பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. பாவம், சண்டைக்குக் காரணமான அந்த இரண்டு இளைஞர்கள் பயந்துபோய் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜூலையில் பாரிஸில் நிஜமாகவே இன்னொரு புரட்சி வெடித்து அரசர் ஓடினார். அந்தச் செய்தி வைமார் நகருக்கு வந்த சமயம், ஆகஸ்ட் 2 அன்று, எண்பது வயதைத் தாண்டிய கோத்தேவைப் பார்க்க நண்பர் ஒருவர் போகிறார். எரிமலை வெடித்துவிட்டது, எல்லாம் பற்றி எரிகிறது என்று கிழவர் பரபரக்கிறார். நண்பரும் அரசியலைப் பற்றி ஏதோ சொல்கிறார். கோத்தே குறுக்கிட்டு, அந்த ஆட்களைப் பற்றி யார் பேசினார்கள், குவியேக்கும் ஜெஃப்ராய்க்கும் அகாதமியில் நடந்த விவாதத்தை அல்லவா சொல்கிறேன் என்கிறாராம். ஓர் அரசர் முடியிழந்ததைவிட கணவாய் மீன் விவகாரம் அவருக்குப் பெரிதாகப் பட்டது. தாடை எலும்புக்காகச் சுமார் நாற்பது வருடம் காத்திருந்தவர் அல்லவா!

அன்றைய தீர்ப்பு குவியே பக்கம்தான். கணவாய் விஷயத்தில் அவர் சொன்னதே சரி என்பதில் இன்றும் சந்தேகமில்லை. 1832-இல் கோத்தே மார்ச்சிலும் குவியே மே மாதத்திலும் இறந்தார்கள். ஜெஃப்ராய் 1840-இல் பார்வையிழந்து, 1844-இல் காலமானார்.

*

அடுத்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஓவன். 'டைனோசர்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் என்று சொன்னால் சட்டென்று புரியும். லண்டனில் அறுவை மருத்துவர் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கான உடற்கூறு மாதிரிகளோடு குடும்பம் நடத்தியவர். 1831-இல் பாரிஸ் போய் குவியேயைச் சந்தித்தார். ஆங்கிலேயக் குவியே என்றே பின்னால் பெயர் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், வேலை செய்யும் முறையில் குவியேயின் சீடரான அவர் ஜெஃப்ராயின் எண்ணத்தையும் விடவில்லை.

அதுவரை எல்லாரும் எல்லா ஒற்றுமைக்கும் ஒரே சொல்லை வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1843-இல் ஓவன் அதை இரண்டாகப் பிரித்தார். வேறு வேறு விலங்குகளில் வடிவமும் வேலையும் எப்படி மாறினாலும் அதே உறுப்பாக இருப்பது ஒன்று. ஒரே வேலையைச் செய்வதால் மட்டும் ஒத்திருப்பது இன்னொன்று. நம் பாடப்புத்தகத்தின் அந்த இரண்டு மதிப்பெண் பிறந்தது அங்கேதான்.

1849 பிப்ரவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கை கால்களைப் பற்றி அவர் ஆற்றிய உரை பிறகு புத்தகமாக வந்தது. அதில் அகழெலியின் கையையும் வௌவாலின் இறக்கையையும் கடற்பசுவின் துடுப்பையும் குதிரையின் காலையும் வரிசையாக வைத்துக் காட்டினார். (கடற்பசு என்றால் பாக் நீரிணையில் புல் மேய்கிற நம் ஆவுளியாவேதான். 2022-இல் தமிழக அரசு அதற்கென்று ஒரு காப்பகமே அறிவித்தது.) பிறகு ஒரு நெத்தியடிக் கேள்வி. மனிதன் படகு கட்டுகிறான், ரயில் எஞ்சின் செய்கிறான், பலூன் விடுகிறான். ஒவ்வொன்றையும் அதனதன் வேலைக்கு ஏற்றபடி புதிதாகச் செய்கிறானே தவிர, படகின் பாகங்களையே நீட்டிச் சுருக்கி ரயில் எஞ்சின் செய்வதில்லையே? வேலைக்காகத்தான் உறுப்பு என்றால், நீந்துவதற்கும் பறப்பதற்கும் தோண்டுவதற்கும் ஏன் அதே எலும்புகள்?

இன்னொன்றையும் அவர் கவனித்தார். பாலூட்டிக் குட்டிகளின் மண்டையோடு பல துண்டுகளாக இருப்பதால் பிரசவத்தின்போது அழுந்திக் கொடுத்து வெளியே வர வசதி என்று சொல்வார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் கோழிக்குஞ்சுக்கும் மண்டையோடு துண்டு துண்டாகத்தானே இருக்கிறது? அதற்கு எந்தப் பிரசவம்?

இவ்வளவு தூரம் வந்தவர் அடுத்த அடியை எடுத்து வைத்தாரா என்றால்... அங்கேதான் நின்றுவிட்டார். எல்லா முதுகெலும்பிகளுக்கும் பொதுவாக ஓர் 'ஆதி மாதிரி'யைப் படமாக வரைந்தார். ஏறக்குறைய மீன் மாதிரி ஓர் எலும்புக்கூடு. ஆனால் அது ஒரு காலத்தில் உயிரோடு நீந்திய பிராணி என்று அவர் சொல்லவில்லை. படைத்தவனின் மனதில் இருந்த வரைபடம் என்றார்.

அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி கென்ட் மாவட்டத்தின் டவுன் கிராமத்தில் இருந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பெயர் சார்லஸ் டார்வின். அவர் கொண்டுவந்த தென்னமெரிக்கப் புதைபடிவங்களை ஆராய்ந்து விவரித்தவரே ஓவன்தான், பழைய அறிமுகம். டார்வின் அந்தப் பிரதியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஓவனின் ஆதி மாதிரியை வெறும் எண்ணமாகத் தான் பார்க்கவில்லை, முதுகெலும்பிகளின் நிஜமான மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கான சித்திரமாகவே பார்க்கிறேன் என்பது அதன் சாரம். அதே படம், அதே எலும்புகள். 'திட்டம்' என்ற இடத்தில் 'பாட்டன்' என்று மாற்றிப் போட்டார், அவ்வளவுதான்.

வணிகவியல் மாணவர்களுக்கு இதை இப்படிச் சொன்னால் புரியும். ஊரில் இரண்டு கடைகள். ஒன்று மருந்துக்கடை, இன்னொன்று இரும்புக்கடை. இரண்டின் பேரேட்டிலும் கணக்குத் தலைப்புகள் அச்சாக ஒரே வரிசையில் இருக்கின்றன. இரண்டிலும் 'மாட்டுத் தீவனச் செலவு' என்று ஒரு தலைப்பு. வருடா வருடம் அதில் பூஜ்யம். மருந்துக்கடைக்கு மாட்டுத் தீவனம் எதற்கு? விசாரித்தால் இருவரும் அண்ணன் தம்பி. அப்பா வைத்திருந்தது மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றிய மளிகைக்கடை. பாகம் பிரித்தபோது அவர் பேரேட்டையே இருவரும் தொடர்ந்தார்கள். திமிங்கலத்தின் உடம்புக்குள் புதைந்து கிடக்கும் இடுப்பெலும்பு அந்த மாட்டுத் தீவனத் தலைப்பின் ரகம். பழைய வேலை போய்விட்டது (இப்போது இனப்பெருக்க உறுப்பின் தசைகளைப் பிடித்திருக்கிறது), தலைப்பு போகவில்லை. இந்த ஆண்டின் தொடக்க இருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் போன ஆண்டின் இறுதி இருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

1859 நவம்பரில் டார்வினின் புத்தகம் வந்தது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மனிதனின் கையும் அகழெலியின் கையும் குதிரையின் காலும் வௌவாலின் இறக்கையும் அணிவகுத்தன. மண்டையோட்டுத் துண்டுகளைப் பற்றி ஓவன் சொன்னதை அவர் பெயரோடேயே சேர்த்துக்கொண்டார். தன் உழைப்பெல்லாம் எதிராளியின் சாட்சியாக மாறி நிற்பதைப் பார்த்த ஓவனுக்கு எப்படி இருந்திருக்கும்! 1860 ஏப்ரலில் 'எடின்பரோ ரெவ்யூ' பத்திரிகையில் பெயர் போடாமல் டார்வினைத் தாக்கி ஒரு விமர்சனம் வந்தது. எழுதியது ஓவன். பெயர் போடாத அந்தக் கட்டுரையில் ஓவனின் ஆராய்ச்சிகளுக்கு நிறையப் புகழ்மாலை வேறு.

இத்தோடு நிற்கவில்லை. மனித மூளையில் சில பகுதிகள் குரங்கினங்களில் இல்லவே இல்லை, அதனால் மனிதனுக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று 1857-இலேயே ஓவன் சொல்லியிருந்தார். கோத்தே காலத்துத் தாடை எலும்பு வழக்கு மறுபடியும்! டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லி, குரங்கு மூளைகளில் அந்தப் பகுதிகள் இருக்கின்றன என்று ஊரறியக் காட்டி அவரை மடக்கினார். மாற்றவே முடியாத ஒற்றுமையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர், தன் இனத்துக்கு வரும்போது மட்டும் அந்த ஒற்றுமையைப் பார்க்க மறுத்தார். ஓவனை வெறும் பொறாமைக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது அநியாயம். உயிரினங்கள் ஏதோ இயற்கை விதிப்படி தோன்றுகின்றன என்பதை அவரும் ஏற்றார். இயற்கைத் தேர்வு என்ற விளக்கம்தான் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பொது மூதாதையிடமிருந்து வந்ததால் ஒத்த உறுப்பு என்கிறீர்கள். ஒத்த உறுப்பு இருப்பதால் பொது மூதாதை என்கிறீர்கள். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறதே? இதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. இந்த ஒற்றுமைகளைப் பட்டியல் போட்டவர்கள் மூதாதையை நம்பிப் போடவில்லை. பெலோனுக்கு அந்த எண்ணமே கிடையாது. ஓவன் டார்வினை எதிர்த்தவர். இடம், அக்கம்பக்கம், கருவில் வளரும் விதம் ஆகியவற்றை மட்டும் வைத்துத்தான் எது எது ஒன்று என்று முடிவு செய்தார்கள். தீர்ப்பை விரும்பாத சாட்சியின் வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம் இல்லையா?

*

ஜெஃப்ராயின் காது எலும்பு விஷயத்தை முடிக்காமல் விட்டால் சரியாக இருக்காது.

நம் நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். பல்லிக்கும் கோழிக்கும் ஒன்றே ஒன்றுதான். நம் கீழ்த்தாடை ஒரே எலும்பு. பல்லியின் கீழ்த்தாடையில் பல எலும்புகள். பாலூட்டிகளுக்குக் காதில் இரண்டு கூடுதல், தாடையில் சில குறைவு. கணக்கு எங்கேயோ இடிக்கிறதே? 1837-இல் கார்ல் ரைகெர்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பன்றிக் கருக்களை அறுத்து, படிப்படியாகப் பார்த்தார். சுத்தியும் பட்டடையும் முதலில் தாடைப் பகுதியில் உருவாகின்றன. பல்லியில் கீழ்த்தாடையும் மண்டையோடும் மூட்டுப் போட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிற அதே இரண்டு எலும்புகள்தான் நம் காதுக்குள் போயிருக்கின்றன! செவுள் மூடி என்று ஜெஃப்ராய் சொன்னது தப்பு. ஆனால் திசை சரி. மூன்றாவதான அங்கவடி, மீன்களில் தாடையைத் தாங்கும் ஓர் எலும்பின் வாரிசு.

நம்புவதற்குக் கஷ்டம்தான். தாடையின் மூட்டு எலும்புகளைக் கழற்றிக் காதுக்குக் கொடுத்துவிட்டால், புது மூட்டு தயாராகும் வரை பிராணி எதை வைத்து மென்று தின்னும்? ரொம்ப நாள் இது பெரிய ஆட்சேபணையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் புதைபடிவங்கள் பதில் சொல்லின. வேல்ஸ் நாட்டில் கிடைத்த மார்கனுகோடான் என்ற மூஞ்சூறு அளவுப் பிராணி ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அதன் தாடையில் பழைய மூட்டும் இருக்கிறது, பக்கத்திலேயே புது மூட்டும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கிடைத்த இன்னொன்றுக்கு 'இரட்டை மூட்டுத் தாடை' என்று பொருள்படவே பெயர் வைத்தார்கள். புதுக் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும் வரை பழைய கடையை மூடவில்லை. இன்றும் பிறந்த ஒப்போசம் குட்டியைப் பார்த்தால் அந்தச் சுத்தி எலும்பு இன்னும் கீழ்த்தாடையோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வளர வளரத்தான் பிரிந்து காதுக்குப் போகும்.

மல்லாக்கப் போட்ட இறால்? அதற்கும் காலம் வந்தது. 1990-களில் முதுகு எது, வயிறு எது என்று கருவுக்குச் சொல்லும் மரபணுக்களை ஈயிலும் தவளையிலும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் அதே குடும்பத்து மரபணுக்கள். ஈயின் வயிற்றுப் பக்கம் வேலை செய்வது தவளையின் முதுகுப் பக்கம் வேலை செய்கிறது. அதாவது ஜெஃப்ராய் இறாலைத் திருப்பிப் போட்டது வெறும் கிறுக்குத்தனம் இல்லை. 1995-இல் சுவிட்சர்லாந்தின் வால்டர் கேரிங் குழு எலியின் கண் மரபணு ஒன்றைப் பழ ஈக்குள் வேலை செய்ய வைத்தது. ஈயின் காலில் கண் முளைத்தது. எலிக் கண் அல்ல, ஈயின் கூட்டுக் கண்ணேதான்! ஈயின் கண்ணும் எலியின் கண்ணும் அமைப்பில் ஒன்றே இல்லை. ஓவனின் பட்டியலில் அவை செயல் ஒத்த வகை. அவற்றைத் தொடங்கி வைக்கும் சாவி மட்டும் பொது. அதனால் அந்த இரண்டு மதிப்பெண் கோடு இன்று அவ்வளவு நேராக இல்லை. வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும் கை என்ற அளவில் அமைப்பு ஒத்தவை. இறக்கை என்ற அளவில் செயல் ஒத்தவை. தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டால்... கேள்வித்தாளைத் தயாரித்தவரைத்தான் கேட்க வேண்டும் :-)

*

லண்டனின் சவுத் கென்சிங்டனில் இருக்கும் பிரம்மாண்டமான இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஓவனின் கனவு. பல வருடம் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி அதை எழுப்பினார். 1881-இல் திறந்தார்கள். 1882-இல் டார்வின் இறந்தார். 1885-இல் அந்தக் கட்டடத்தின் நடு மண்டபத்தில், பெரிய படிக்கட்டின் மேல், டார்வினின் பளிங்குச் சிலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலைத் திறப்பில் பேசியவர் ஹக்ஸ்லி. ஓவன் அப்போது உயிரோடுதான் இருந்தார்; இறந்தது 1892-இல். 1927-இல் டார்வினை அங்கிருந்து நகர்த்திவிட்டு அதே படிக்கட்டில் ஓவனின் வெண்கலச் சிலையை நிறுத்தினார்கள். 2008-இல், டார்வினின் இருநூறாவது பிறந்த ஆண்டுக்குச் சற்று முன்பு, ஓவனை நகர்த்திவிட்டு மறுபடியும் டார்வினைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள்.